லடாக்குக்கு அனுப்பிய ஜெபம்

கர்த்தருடைய பிள்ளைகளே, இதைச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். மகனுடைய கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நெஞ்சு இன்னும் அடங்கவில்லை.

மூத்தவன் அருள்தாஸ் இந்தியப் பட்டாளத்தில் இருக்கிறான். இங்கே தேயிலை மலையில் பிறந்தும் பிரஜாவுரிமை கிடைக்காமல், கடல் தாண்டித் திருச்சிக்குச் சித்தப்பாவிடம் போனவன், அங்கே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். 1962 அக்டோபரில் சீனாவோடு சண்டை மூண்டது. அதற்கு முன் வந்த கடைசிக் கடிதத்தில், குடிக்கிற தண்ணீர் கூடாரத்துக்குள்ளேயே உறைகிறது என்று எழுதியிருந்தான். எந்த இடம் என்று எழுத அவர்களுக்கு அனுமதியில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். அட்லஸை விரித்தேன். அவ்வளவு குளிர் லடாக்கில்தான் என்று முடிவு செய்தேன். தினமும் சாயங்காலம், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டு டயரியில் எழுதினேன். மலை, கணவாய், எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஜெபித்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பிள்ளைகள் பார்க்கக் கரும்பலகை முன்னால் நின்றே அழுதுவிட்டேன்.

என் மனைவி ரோசம்மாவின் ஜெபம் ஒரே வரிதான். "எம் புள்ள எங்க இருக்கானோ, அங்க பாத்துக்குங்க ஆண்டவரே."

எனக்கு எரிச்சல். "அட்ரஸ் இல்லாத கடுதாசி எங்க போய்ச் சேரும்?" என்றேன்.

"நீங்க அட்லஸ் பாத்து அவருக்கு வழி சொல்லுங்க. எனக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல," என்றாள்.

சண்டை நிற்பதற்கு முந்தின சனிக்கிழமை டயரியில் இப்படி இருக்கிறது: "இன்று சண்டை கிழக்கே, அசாம் பக்கம். லடாக் பற்றி ஒன்றுமில்லை. ஸ்தோத்திரம்." அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

சண்டை நின்றது. கடிதம் மட்டும் வரவில்லை. மூன்று வாரம் போயிற்று.

டிசம்பரில் ஒரு காலை, தபால்காரர் கருப்பையா பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தார். நம் தோட்டங்களுக்குத் துரை வைத்த பெயர் ஒன்று, ஜனங்கள் சொல்லும் பெயர் ஒன்று அல்லவா?

"மூணு தோட்டம் சுத்திட்டு வந்துருக்கு மாஸ்டர். தொரை வச்ச பேரு இல்ல, வெறும் ஊசிக்கல்லுன்னு போட்டுருக்கு. மத்தவனுக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தேன், தூக்கிட்டு வந்துட்டேன்."

உறைமேல் வேறு யாருடைய கையெழுத்தோ. பிரிக்கத் தைரியமில்லை. அவரே பிரித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் படுத்தபடி அருள்தாஸ் சொல்லச் சொல்ல, ஒரு தமிழ் நர்ஸ் எழுதியது அது. அவன் லடாக் பக்கமே போனதில்லை. இருந்தது கிழக்கே. நான் ஸ்தோத்திரம் எழுதிய அதே சனிக்கிழமை அவர்கள் முகாம் விழுந்தது. இவனும் சேர்த்து ஐந்து பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். சுற்றிலும் எதிரி.

"அப்ப பனிமூட்டம் எறங்குச்சுப்பா. நம்ம மலையில பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாதே, அதே மாதிரி. மத்தவங்க நின்னுட்டாங்க. எனக்குத்தான் பழக்கமாச்சே. நான் முன்னாடி நடந்தேன்."

ஐந்து பேரும் பிழைத்தார்கள். இவனுக்கு இடது காலில் இரண்டு விரல் போயிற்று. நடக்கிறான்.

வீட்டுக்கு ஓடினேன். படித்துக் காட்டினேன். ரோசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ச் சேந்துருச்சுங்களா?" என்றாள்.

"உன்னுது சேந்துருச்சு," என்றேன்.

அந்த டயரி வரியை நான் அடிக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த நாளில், என் பிள்ளை அங்கே இல்லை என்று நன்றி சொன்னவன் நான். அப்படிப்பட்டவனுக்கும் ஆண்டவர் மகனைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது எங்கள் ஜெபத்தில் கிழக்கும் மேற்கும் இல்லை. பெயர் தெரியாத பிள்ளைகளுக்காகவும், கடிதம் வராத வீடுகளுக்காகவும் இருவரும் முழங்கால் போடுகிறோம்.

உங்களில் யாராவது பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவித்தால், இன்றைக்கே ஜெபியுங்கள். இடம் தெரியவில்லையே என்று நிற்காதீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.