மீனம்பாக்கத்தில் மனப்பாடம் செய்த பக்க விளைவு

எண்பதுகளின் பின்பாதியில் நான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் எல்லோரையும் கலங்கடித்த பாடம் மருந்தியல். ஒரு நோய்க்கு நாலு மருந்து, ஒரு மருந்துக்குப் பத்துப் பக்க விளைவு என்று படிக்கப் படிக்கப் பெருகிக்கொண்டே போகும். தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயிலில், பல்லாவரத்தில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. நின்றபடி புத்தகத்தை விரிக்கவும் முடியாது. அதனால் எங்கள் கோஷ்டி ஒரு வழி கண்டுபிடித்தது: ஸ்டேஷனுக்கு ஒரு மருந்து. காசநோய்ப் பாடம் நடந்த வாரத்தில் திரிசூலம் வந்தால் ஐசோனியாசிட், கைகால் மரத்துப்போகும். மீனம்பாக்கத்தில் ரிஃபாம்பிசின், சிறுநீர் சிவக்கும். பழவந்தாங்கலில் பைரசினமைடு, மூட்டு வலிக்கும். பரங்கிமலையில் எத்தாம்ப்யூட்டால், கண் மங்கும். நாங்கள் ஒப்பிப்பதைக் கேட்டு ஆபீஸ் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். கிண்டி வருவதற்குள் ஒரு நோயையே தீர்த்துக்கட்டிவிட்ட தெம்பு வந்துவிடும்.

அந்தத் தெம்பில்தான், பம்மலில் எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்த அக்காவிடம் பெரிய டாக்டர்போல நடந்துகொண்டேன். அவர் தோல் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. மாதக்கணக்கில் இருமியபின் பல்லாவரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியதில் டி.பி. என்று தெரிந்திருந்தது. பட்டறையில் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் வேறு யாருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும் மாத்திரைப் பையைப் பிரித்துக் காட்டினார்.

"இதெல்லாம் கெடுதி ஒண்ணும் பண்ணாதுல்ல தம்பி?"

நாலு மருந்தையும் ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தேன். எது கிருமியை எப்படிக் கொல்லும் என்று அவர் கேட்காததையும் விளக்கினேன். அவர் கேட்டதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொன்னேன். "செவப்பு கேப்சூலை வெறும் வயித்துல போடுங்கக்கா. ஒண்ணும் பண்ணாது, தைரியமா போடுங்க." நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது என்று எங்கோ கேட்டிருந்தேன்.

நாலாம் நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "தம்பி, மாத்திரை ரொம்ப சூடு பண்ணுது போலகீது."

முகம் வாடியிருந்தது. இன்னும் ஏதோ சொல்ல வந்தவராக நின்றார். நான் கேட்கவில்லை. சூடு என்று ஒரு பக்க விளைவு எங்கள் புத்தகத்தில் கிடையாது. என் அம்மா எல்லாவற்றுக்கும் சொல்லும் வைத்தியத்தை நானும் சொன்னேன். "இளநீர் குடிங்கக்கா. வெந்தயம் ஊறப்போட்டு சாப்பிடுங்க." வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெந்தயம் வாங்கிவந்ததாகப் பிறகு சொன்னார். நானும் அதோடு மறந்துபோனேன்.

ஒரு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. "ரிஃபாம்பிசின் எழுதிக் கொடுக்கிறாய். நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்புவாய்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்வேன் சார்."

"சொல்லாமல் விட்டால்?"

"ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார் சார்."

சொல்லி முடித்த பிறகுதான் மாடிப்படியில் நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. பேராசிரியர் "குட்" என்று தலையாட்டி மார்க் போட்டார்.

அன்று நேராகக் கீழ்ப்போர்ஷனுக்குத்தான் போனேன். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டதும் அக்கா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று வார மாத்திரையும் அப்படியே இருந்தது.

"கோச்சுக்காத தம்பி. ஒண்ணுக்குப் போனா ரத்தமா போச்சு. வயசுப் பையன், உன்னாண்ட இத எப்டி சொல்றது? சூடுன்னு சொன்னேன். எளநி குடிச்சும் நிக்கல. அதான் வுட்டுட்டேன்."

"அது ரத்தம் இல்லக்கா. மருந்தோட கலர். எனக்கு அது தெரியும். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "ரத்தம் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். உள்ளே ரத்தம் வடிந்து செத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒருவரிடமும் மூச்சு விடாமல், தினமும் பட்டறைக்குப் போய்க் கையுறை தைத்து வந்திருக்கிறார். மறுபடி இருமலும் தொடங்கியிருந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அவரை டாக்டரிடம் அழைத்துப்போனேன். அங்கிருந்து கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளைக் கோட்டும் கையில் இருந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளைப் பார்த்ததும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும் என்றார். (அப்படியே தொடங்கி, ஒரு நாள்கூட விடாமல் முடித்து, அக்கா பிழைத்துக்கொண்டார்.)

"ஏம்மா நிறுத்தின?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "ஊருக்குப் பூட்டேன் சார். எடுத்துகினு போக மறந்துட்டேன்."

"உங்களுக்கெல்லாம் உயிர்மேல அக்கறையே கெடையாது" என்று அவர் போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்வரை கேட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டாக்டர் அப்போதுதான் என் கையிலிருந்த கோட்டைக் கவனித்தார்.

"மெடிக்கல் ஸ்டூடண்டா? இவங்களுக்கெல்லாம் நீயாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுப்பா."

"சொல்றேன் சார்" என்றேன்.