அத்தானின் பீர்

அத்தான் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அன்று, அவர் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தவை இரண்டு தகர டப்பாக்கள். அக்காவுக்கு வாங்கிய கைப்பையும் எனக்கு வாங்கிய சோப்பும் அதற்குப் பிறகுதான் வந்தன. டப்பாக்களைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து, எழுத்து எங்கள் பக்கம் தெரியும்படி திருப்பினார். உள்ளே மால்ட் சாறு, தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், தண்ணீரும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து ஊறவிட்டால் வீட்டிலேயே பீர் என்றார். ஆறு வருடம் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணிவிட்டு வந்தவர், அந்த ஊரையே தான் கட்டி எழுப்பியதுபோலப் பேசினார். யாங்கோனில் எவனுக்கும் பீர் என்றால் என்னவென்று தெரியாது என்பது அன்று அவர் சொன்னவற்றில் அடக்கமான வாக்கியம்.

யாங்கோனின் தாமுவே பகுதியில் அவர்களுடைய வீடு, மூன்றாவது மாடியில். நான் அடுத்த தெருவில் இருந்தேன். அக்கா ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். குடுவைகளைக் கழுவி, திரவங்களை அளந்து வைப்பது அவளுடைய பல வருட வேலை. டப்பாவோடு வந்த சிறிய செய்முறைப் புத்தகத்தை அவள் கையில் எடுத்தபோது, அதெல்லாம் தெரியாதவர்களுக்கு என்று அத்தான் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். தானும் அதைத் திறக்கவில்லை. கொதிக்கும் நீரில் சாற்றைக் கரைத்து பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றினார். ஆவி பறக்கும்போதே ஈஸ்ட்டைத் தூவினார். ஆறட்டுமே, இந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும் என்று அக்கா சொன்னாள். அவர் மூடியை இறுக்கினார்.

மூன்று நாள் ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் பீப்பாய் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து மூடியிலிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் தண்ணீர் சரியில்லை என்றார், இரண்டாம் நாள் மின்வெட்டைக் குறை சொன்னார், மூன்றாம் நாள் அக்கா மூடியைத் திறந்து பார்த்திருப்பாள் என்றார். பிறகு கடைத்தெருவில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை வாங்கிவந்து கொட்டினார். அது பொங்கியது. உலகத்தில் முதல்முறையாகப் பீரைக் கண்டுபிடித்தவர் மாதிரி எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பொங்கத் தொடங்கிய நான்காம் நாளே, குமிழி அடங்குவதற்கு முன்பே பாட்டிலில் ஊற்றினார். நுரை நிறைய வரவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார்.

பாட்டில்களைச் சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார். பத்து நாள் கழித்து ஒரு காலையில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் வெடித்தது. அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்ததும் வெடித்தது, பிறகு இன்னொன்று. அக்காவின் முன்கையில் கண்ணாடி கிழித்து, அரிசித் தண்ணீர் சிவந்தது. நான் துணியைத் தேடி எடுத்துச் சுற்றும்போது அத்தான் வாசலில் வந்து நின்றார். அவள் கையை அவர் பார்த்தார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எத்தனை போச்சு?"

அக்காவுக்கு ஐந்து தையல். இந்த நாட்டுப் பாட்டில்கள் மட்டம் என்பதோடு அவர் அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார். பீர் மேலிருந்த ஆர்வமும் அதோடு முடிந்தது.

இரண்டாவது டப்பாவை அக்காதான் திறந்தாள். தையல் பிரித்த வாரம், தான் ஒருமுறை செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். பண்ணிப் பார், அப்போதுதான் கஷ்டம் புரியும் என்றார் அவர். அவள் அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தாள். பாத்திரம், கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்தாள். கரைசல் கைச்சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகே ஈஸ்ட் போட்டாள். மார்ச் மாத வெயில். அறைக்குள் நின்றாலே சட்டை முதுகில் ஒட்டும். பீப்பாயைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் நிற்கவைத்து, ஈரச் சாக்கால் போர்த்தி, காலை மதியம் மாலை ஐஸ்கட்டி போட்டாள். மிதக்கும் கண்ணாடிக் குழலை விட்டு, இன்னும் புளிக்காத சர்க்கரை எவ்வளவு என்று அளந்து, மூன்று நாள் ஒரே அளவு காட்டிய பிறகே பாட்டிலுக்கு மாற்றினாள். சர்க்கரையை எடை போட்டாள். முன்கைத் தழும்பு சிவந்திருந்தது. ஒரு பாட்டில்கூட வெடிக்கவில்லை.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு அத்தான், சிங்கப்பூர் போகுமுன் இங்கே வேலை பார்த்த இடத்தின் மேலாளரை அழைத்திருந்தார். வயதான பர்மியர், மரியாதையானவர். கீழே தெருவில் தண்ணீர் வீசும் சத்தம், மேலே பத்துப் பேர், தட்டுகளில் தேயிலை ஊறுகாயும் வறுத்த பயறும். பெரியவர் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மிடறு குடித்தார், இன்னொரு மிடறு குடித்தார். இந்த வெக்கையில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று அத்தானைத்தான் கேட்டார். எல்லாம் அனுபவம் என்றார் அத்தான், கூசாமல். சிங்கப்பூரில் கற்றதாம். அக்கா வறுத்த பயறுத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள்.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு, என் பீர் எப்படி இருக்கு?"

என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு வேலைக்குச் சொல்லிவைப்பதாக அப்போது அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அது என் மனதில் வந்துபோக ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ரொம்ப நல்லாருக்கு அத்தான்."

விருந்தினர்கள் போன பிறகு சமையலறையில் அக்கா தம்ளர்களைக் கழுவ, நான் துடைத்து வைத்தேன். அத்தானைத் திட்டத் தொடங்கினேன். இப்படி ஒரு மனுஷன் உண்டா, வெட்கம் என்பதே கிடையாதா என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா குழாயை மூடினாள்.

"அவர் அப்படித்தான் சொல்லுவார்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நீயும் சொல்லுவேன்னு தெரியாது."

என் கணவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அத்தான் யாரிடமும் சொல்லிவைத்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவரை நான் மனதுக்குள் எவ்வளவு இகழ்ந்தாலும் அந்த இகழ்ச்சி அவரோடு நிற்பதில்லை; திரும்பி என் மேலேயும் வந்து விழுகிறது.

இந்த வருடம் யாங்கோனின் பபேடான் பகுதியில் ஒரு கல்யாண விருந்து. அத்தான் தலை நரைத்து, வயிறு பெருத்து, பெண்ணின் சித்தப்பாவிடம் அதே பீர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் இப்போது ஐஸ்கட்டியும் ஈரச் சாக்கும்கூட அவருடையவை. நான் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அதைக் காய்ச்சினது அக்கா," என்றேன். "அத்தான் காய்ச்சினது வெடிச்சது."

அத்தான் சிரித்தார். பாட்டில் கழுவினது அவள்தான், அது உண்மை என்றார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அந்தச் சித்தப்பா அக்கா பக்கம் நாற்காலியை நகர்த்தி, ஈஸ்ட்டை எந்தச் சூட்டில் போட்டீர்கள் என்று கேட்டார். அவரும் முயன்று தோற்றவராம். அக்கா பதில் சொல்லத் தொடங்கினாள், முதலில் மெதுவாக, பிறகு விரல்களால் மேசைமேல் அளவு காட்டி. அத்தான் கை கழுவ எழுந்து போனார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.