தடைக்காலம் வரட்டும் என்றேன்

என் மனைவியின் இடது மார்பில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வார்டு கிளினிக் நர்சம்மாதான். சுகர் பார்க்கப் போன இடத்தில், வயதான பெண்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது மாசி மாதம். கொரோனா என்பது அப்போது டிவியில் மட்டும் இருந்தது. காசிமேட்டில் மீன் ஏலம் எப்போதும்போல நடந்துகொண்டிருந்தது.

நர்சம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போக வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று சொன்னாராம்.

நான் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. மறுநாள் விடியலில் போட் கிளம்புகிறது.

"வலிக்குதா மே?" என்று கேட்டேன்.

"வலி இல்லய்யா. கோலிக்குண்டு மாதிரி சும்மா குந்திகினு கீது."

"அப்ப தடைக்காலம் வரட்டும். ரெண்டு மாசம் கரையிலதானே கெடப்பேன். நானே இட்டுகினு போறேன்."

அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "அதுவும் சரிதான்" என்றாள். "பாப்பாவாண்ட சொல்லாத. பயந்துக்கும்."

பாப்பா என்றால் எங்கள் ஒரே மகள். கட்டிக்கொடுத்து மணலி புதுநகரில் இருக்கிறாள். அவளிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து அழைத்துப் போயிருப்பாள். சொல்லவில்லை.

எங்களிடம் அது ஒரு பழக்கம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சித்திரையில் இரண்டு மாதம் போட்டுகளை நிறுத்திவிடுவார்கள்; அதுதான் தடைக்காலம். எல்லா வேலையையும் அதற்குத் தள்ளிப்போடுவோம். போட்டுக்கு மராமத்து, பிள்ளைக்குக் காதுகுத்து, பல் பிடுங்குவது, எல்லாம் அப்போதுதான். என் கண் புரையை எடுத்தது ஒரு தடைக்காலத்தில். மகள் கல்யாணம் இன்னொரு தடைக்காலத்தில். நோயும் அதுவரை காத்திருக்கும் என்று நினைத்தேன். அந்த வருடம் வரைக்கும் எல்லாம் காத்துத்தான் இருந்தது.

பங்குனி முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. தடை வருவதற்கு முன்பே போட்டெல்லாம் கரையில் நின்றது. நான் வீட்டில். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. நடந்து போகலாம் என்றேன். சீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது. சீட்டைக் காட்டினோம். விட்டார்கள்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

"காய்ச்சல் கீதா?"

"இல்லப்பா."

"இருமல்?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"காய்ச்சல் இல்லாதது ஒரு குத்தமாயா?" என்றாள் என் மனைவி.

நான் சீட்டை நீட்டினேன். அவன் கையில் வாங்கவில்லை. புதிதாக வருபவர்களைப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான், ஊரடங்கு முடிந்ததும் வாருங்கள் என்றான். எந்த ஏரியா என்று கேட்டான். ராயபுரம் என்றாள். இரண்டடி பின்னால் போனான். சென்னையிலேயே கொரோனா அதிகம் என்று டிவியில் எங்கள் ஏரியாவைத்தான் சொல்வார்கள்; அப்போது ராயபுரம் என்றால் எல்லோரும் அப்படித்தான்.

திரும்பும்போது அவள் சொன்னாள். "பாத்தியா, மந்திரிக்குக்கூட இப்டி ஒதுங்கி வழி வுட மாட்டான்."

நான் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போகலாம் என்று இருந்தோம். அதற்குள் பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்குக் கொரோனா வந்துவிட்டது. தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். தகரத்தை எடுக்கிற நாள் நெருங்கும்போது இன்னொரு வீட்டில் வரும். மறுபடி முதலிலிருந்து. தகரத்துக்கு மேலே அரிசியும் காய்கறியும் கொடுத்தார்கள். என் மனைவி முப்பது வருடமாக மீன் கூடை தூக்கியவள். ஒரே இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்து, "யோவ், தோலு உள்ள இழுக்குதுயா" என்றாள். காட்டினாள். பார்த்தேன்.

அந்த வருடம் தடையைக் குறைத்துவிட்டார்கள். போட்டுகள் சீக்கிரமே கடலுக்குப் போயின. நான் போகவில்லை.

தகரம் எடுத்ததும் போனோம். இந்த முறை உள்ளே விட்டார்கள். ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். லேப் ஆட்களெல்லாம் கொரோனா வார்டுக்குப் போய்விட்டதால் முடிவு வர நாளானது. வந்தபோது புற்று என்று வந்தது. அறுவை செய்ய நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் கொரோனா இருக்கிறதா என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இருந்தது. அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனாலும் ஆம்புலன்ஸ் வந்து, ஒரு காலேஜில் கட்டில் போட்டு வைத்திருந்த இடத்துக்கு அழைத்துப் போய்விட்டது.

தினமும் போனில் பேசுவாள்.

"மூணு வேளையும் சோறுயா. முட்டை வேற. ஒரு வேலை கெடையாது."

"கட்டி எப்டி கீது?"

"அதுவும் கூடக் குந்திகினு நல்லா துன்னுது."

வெளியே வந்து மறுபடி நாள் வாங்கிப் பெரிய டாக்டரைப் பார்க்கும்போது ஆவணி பிறந்துவிட்டது. அக்குள் வரை போயிருந்தது. முதுகெலும்பிலும் இருப்பதாகப் படத்தைக் காட்டினார். இனி அறுத்துப் பயனில்லை, மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார். பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"முதல்ல எப்பம்மா கவனிச்சீங்க?"

"இந்த ஊரடங்குலதான் சார்" என்றாள் என் மனைவி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாசியிலயே தெரியும் சார்" என்றேன். சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

டாக்டர் தேதியைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் அவள்தான் திட்டினாள்.

"உன்ன எவன்யா கேட்டான்? பெரிய அரிச்சந்திரன் இவுரு."

"உண்மையத்தானே சொன்னேன்."

"சொல்லி இன்னா ஆச்சு? கட்டி கரைஞ்சுதா? பாப்பாவாண்ட மட்டும் இத்த சொல்லிக்கினு கெடக்காத."

மகளுக்கு நோயைச் சொன்னோம். மாசி மாதத்தைச் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி போனது. சாப்பாடு நின்றது. மாசி வாக்கில் கொஞ்சம் தேறினாள். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மீனைக்கூடக் கழுவினாள். அடுத்த சித்திரையில் கொரோனா மறுபடி வந்தது. அவள் படுக்கிற வார்டில் ஆக்சிஜன் நோயாளிகளைப் போட்டார்கள். இரண்டு தடவை மருந்து தள்ளிப்போனது. மூன்றாவது தடவைக்குக் கூப்பிட்டபோது அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆடியில் போய்விட்டாள். நிறையப் பேர் கூடக்கூடாது என்று சொன்னார்கள். கூடவும் இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கொரோனா இல்லையென்றால் பிழைத்திருப்பாள். நானும் தலையாட்டினேன். ஊரடங்கு பல மாதம் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதம் ஆஸ்பத்திரி திறந்துதான் இருந்தது. பஸ் ஓடியது. அந்த மாதத்தை எடுத்தது நான். கட்டி எந்த மாதத்தில் எலும்புக்குப் போனது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நான் கேட்கவும் இல்லை.

காரியம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பாழாப்போன ஊரடங்கு மட்டும் இல்லாங்காட்டி அம்மா இருந்திருக்கும், இல்ல நைனா?"

தலையாட்ட முடியவில்லை. சொல்லிவிட்டேன். நர்சம்மா சொன்னது, நான் தடைக்காலம் வரட்டும் என்றது, எல்லாம். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

அவள் கை தண்ணீரிலேயே இருந்தது.

"அம்மா கோச்சுக்கிச்சா உன்ன?"

"ஒரு வார்த்தை கேக்கல."

அரிசியை உலையில் போட்டாள். வடித்தாள். எனக்குத் தட்டில் போட்டு வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வருவாளா என்று தெரியவில்லை. வந்தாள். இன்றுவரை வருகிறாள். சமைக்கிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், என் மாத்திரையை எடுத்து வைக்கிறாள். அம்மாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதில்லை.