மதினி பெயரில் ஒரு சீட்டு

என் செபப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் கால்வாசி, நாலாக மடித்தது. உள்ளே ‘நன்றி’ என்ற ஒரே சொல். அதற்கு அடியில் என் மதினியின் பெயர். எழுத்து என்னுடையது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லி நான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நவநாளுக்குக் கோயில் பெட்டியில் போட வேண்டிய சீட்டு. திங்கட்கிழமையே அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து நாலு செவ்வாய் கடந்துவிட்டது. இன்னும் போடவில்லை. துக்கத்தால் அல்ல. கோபத்தால்தான்.

எங்கள் கோயிலில் செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் செபம் நடக்கும். வேண்டுதலோ நன்றியோ, சீட்டில் எழுதி வாசல் பெட்டியில் போட்டால் பங்குச்சாமி பூசைக்கு முன் மைக்கில் பெயரோடு வாசிப்பார். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, தீராத வயிற்றுவலி என்று சீட்டு குவியும். வேதக்காரர்களான நாங்கள் மட்டும்தான் வருவோம் என்றில்லை. நாங்கள் வேலை பார்த்த அரிசி ஆலையின் முதலாளி வீட்டு ஆச்சிகூட காரில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் புதுவயல் பக்கத்து அந்த ஆலையில் களத்து வேலை செய்த பெண்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுப்பது நான்தான். மத்தியானம் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்ததும் மூட்டை நிழலில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஊரில் யாருக்கு என்ன குறை என்று கடவுளுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

மதினி மட்டும் எதுவும் கேட்டதில்லை. என் அண்ணனின் மனைவி அவர். அண்ணன் கல்யாணமான மூன்றாம் வருஷமே செத்துப்போனான். பிள்ளை இல்லாத அவரும் கல்யாணமே ஆகாத நானும் ஒரே ஓட்டு வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மழை வந்தால் பாயை எங்குட்டுப் போடுவது என்று தேடுகிற வீடு. அப்படி இருந்தும் வாராவாரம் “நன்றினு மட்டும் எழுது ஆத்தா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எதுக்கு மதினி நன்றி சொல்றீக? ஒழுகுறதுக்கா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “காலைல முழிச்சேன்ல, அதுக்கு” என்றார். “எல்லாரும் கேக்குறாக. நான் அவருகூட சும்மா பேசிக்கிட்டு இருக்கேன். பேசுற ஆளுகிட்ட எப்பப் பாத்தாலும் கையவா நீட்டிக்கிட்டு இருப்பாக?” அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காய்வதற்காகக் காலால் சால் போட்டுக்கொண்டே நடப்போம். சுடுகிற சிமெண்டுத் தரையில் எங்கள் வாயில் வசவுதான் வரும். அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். முகத்தில் ஒரு தெளிச்சி. நடிப்பு என்று சொல்லலாம் என்றால், ஒரே வீட்டில் கிடந்தவள் நான். நடிப்பு இல்லை.

பல வருஷம் முந்தி, ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் காற்றும் தூறலும் ஒன்றாக வந்தன. “தார்ப்பாயப் புடிங்கடி, நெல்லு நனையுது!” என்று மேஸ்திரி கத்தினார். ஒரு தார்ப்பாய் பறந்து பாய்லருக்குப் பின்னால் போய் விழுந்தது. பாய்லரில் எரித்த உமியின் சாம்பலைக் கொட்டுகிற குழி அங்கேதான். சுவரும் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. தூறல் பட்டு மேலே கருப்பாகத் தரை மாதிரியே கிடந்தது. உள்ளே கங்கு. மதினி தார்ப்பாயை எடுக்கக் காலை வைத்தார். முழங்கால் வரை இரண்டு காலும் உள்ளே போய்விட்டன. “சேசுவே” என்று ஒரு சத்தம்தான் கேட்டது. நாங்கள் இழுத்துப் போட்டபோது பாதம் இரண்டும் பார்க்கிற மாதிரி இல்லை.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி திராட்சையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். “அந்தம்மா ஒரு வார்த்தை குறை சொல்லலையே! தங்கமான மனுசி. மத்தவளுகளா இருந்தா ஆலைய ரெண்டாக்கியிருப்பாளுக” என்று என்னிடமே சொன்னார். நான் பிளாஸ்க்கிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். திருப்பிச் சொல்ல வாய் ஏது? மதினியின் வாயடங்கிய குணம் அந்த ஆலைக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்று வயிறு எரிந்தது. அந்த வாரமும் அவர் கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு “நன்றினு எழுது” என்றார். வராந்தாவுக்குப் போய் எழுதினேன். வேறு எழுதினேன். ‘சாம்பல் குழியைச் சுற்றிச் சுவர் வேண்டும். நான் வெந்ததுபோல் இன்னொருத்தி வேகக் கூடாது.’ அடியில் மதினியின் பெயரைப் போட்டேன்.

பங்குச்சாமி சீட்டுகளை மூச்சு விடாமல் வாசிப்பவர். ‘வெந்தது’ என்ற இடத்தில் குரல் இறங்கியது. பெயரை வாசித்தபோது கோயிலில் மைக் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசி பெஞ்சில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ஆச்சியின் கை நின்றது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்பே சேதி போயிருந்தது. மதினி கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீயா எழுதுன?”

“ஆமா மதினி. நீங்க கேக்க மாட்டீக. அதான்...”

“கேட்டது தப்பில்லடி. சுவரு வேணும்தான். எம்பேர ஏன் போட்ட? நான் நன்றினு சொன்னது பொய்யா? மேஸ்திரி எம்பேரச் சொல்லி உங்க வாய அடைக்கிறான். நீ எம்பேர வச்சு உன் வாயத் தொறக்குற. ரெண்டு பேருக்கும் நான்தான் கெடச்சேனா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்தார்.

“உனக்குக் கோவம் இருக்கு. அத உம்பேர்லயே கொண்டுபோயிக் குடு. நன்றிய வாங்குறவரு கோவத்த வாங்க மாட்டேன்னா சொல்லப்போறாரு?”

அடுத்த செவ்வாய் என் பெயரில் அதே வேண்டுதலைப் போட்டேன். என் பெயர் மைக்கில் கேட்டபோது தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். ஆலையில் சுவர் வரவில்லை, ஒரு தகரப் பலகை வந்தது. ‘அபாயம்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. களத்துப் பெண்களில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மறுபடி எழுதினேன்: ‘பலகை வேண்டாம், சுவர் வேண்டும்.’ மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார், “ஏம்மா, நீ அந்தோணியார்கிட்ட கேக்குறியா, எங்ககிட்ட கேக்குறியா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நெல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழவிதான் நிமிராமலே சொன்னாள், “ரெண்டு பேர்ல யாரு முந்திக் குடுக்குறாகளோ, அவுககிட்டதான்.” களமே சிரித்தது. இன்னும் ஐந்தாறு செவ்வாய் எழுதினேன். யார் காதில் விழுந்ததோ, நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழும்பியது. அன்றைக்கும் மதினி நன்றி எழுதச் சொன்னார். “சுவருக்கா?” என்றேன். “அது நீ கேட்டது. நீ சொல்லிக்க. நான் முழிச்சேன்ல, அதுக்கு.”

அதன்பிறகு அவர் களத்துக்கு வரவில்லை. கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சாகும்வரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். அந்த நிறைவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கு ஏன் வரவில்லை என்று அவர்மேலும் கொஞ்சம் கோபம் உண்டு. பொறாமை என்றே சொல்லலாம்.

ஆனால் பெரிய கோபம் அடக்கத்தன்று வந்தது. புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: “இந்தத் தாய் எதையும் கேட்கவில்லை. நெருப்பில் வெந்தபோதும் முணுமுணுக்கவில்லை. நன்றி என்றார். இன்றைக்கு நமக்குக் கேட்க மட்டும்தான் தெரிகிறது.” நல்ல பிள்ளைதான். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். முன்வரிசையில் கிழடாகிப்போன மேஸ்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த நெருப்பு, யார் கொட்டியது, எதை எடுக்க ஓடினார் என்று ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் மதினியின் பெயரால் எல்லார் வாயையும் அடைத்துவிட்டார்கள். இந்தச் சீட்டையும் போட்டால், செத்த பிறகும் நன்றி சொன்னாள் என்று அதையும் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதனால்தான் மறைத்து வைத்தேன்.

நேற்று சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். இது என்னுடையது இல்லையே என்று பட்டது. அவர் கொடுக்கச் சொன்னதை என் கோபத்துக்காக நான் எப்படிப் பிடித்து வைப்பேன்? ஆஸ்பத்திரியில் செய்த அதே தப்பு.

அதே நோட்டில் இன்னொரு கால்தாள் கிழித்தேன். வயசாகிவிட்டது, எழுத்து முன்போல் இல்லை. ‘சாமி, இனி என் மதினியைப் பற்றிச் சொல்லும்போது சாம்பல் குழியையும் சேர்த்துச் சொல்லவும்’ என்று எழுதினேன். அடியில் என் பெயர். இன்று செவ்வாய். இரண்டு சீட்டையும் தனித்தனியாகத்தான் மடித்திருக்கிறேன். முதலில் அவருடையதைப் போடுவேன்.