வீட்டில் இருப்போர்: ஒருவர்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. போன ஆவணி மாதம், கீரிமலையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு அது பகல் பன்னிரண்டு ஏழுக்கு வந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் இருங்கள். உங்களை நம்பவைக்க நான் இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் உதயகலா. அச்சுவேலியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு விலங்குக் காப்பகம் நடத்துகிறோம். ஊரில் அதை நாய்க்குடில் என்பார்கள். அன்றைய கணக்குக்கு அறுபத்து நாலு நாய்கள், பதினொரு பூனைகள். அடிபட்டதைத் தூக்கி வருவோம். மருந்து கட்டுவோம். விசர்நாய் ஊசி போட்டு, கருத்தடை செய்து, தேறியதும் நல்ல வீடு பார்த்துக் கொடுப்போம். சொல்வது சுலபம். விடிய எழும்பிப் பார்த்தால் கேற்றடியில் ஓர் உரப்பை அசையும். உள்ளே நாலு குட்டி. கனடாவுக்குப் போகிறவர்கள், பத்து வருடம் வளர்த்த நாயைக் கழுத்து மணியோடு எங்கள் மதிலில் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டிலை விற்கத் தெரியும், கதிரையை விற்கத் தெரியும். நாயை மட்டும் எங்கள் தலையில் கட்டுவார்கள். அது வாசலைப் பார்த்தபடி மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

பாணி என்ற பெட்டை நாய் அப்படி வந்தவள் அல்ல. பஸ் அடித்து, இடுப்பு முறிந்து, வடிகானுக்குள் கிடந்தாள். பனம்பாணி நிறம். அதனால் அந்தப் பெயர். நாலு மாதம் என் கையால் குழைத்து ஊட்டி எழுப்பி விட்டேன். குரைத்தால் குரல் நடுவில் உடையும். அறுபத்து நாலு நாய் சேர்ந்து குரைத்தாலும் பாணியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும்.

அவளைக் கேட்டு வந்தவன் ஜெயதீபன். முப்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சேட்டு, கையில் இரண்டு போன்.

எங்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக்கு நாய் கொடுப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பூட்டி வைத்துப் பார்க்கிறவர்கள், காவலுக்கென்று ஒரு நாயைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுவார்கள். நினைத்தால் வந்து சோறு வைப்பார்கள். மறந்தால் நாய் சாகும். அப்படி இரண்டு எலும்புக்கூட்டை நானே அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால்தான் படிவத்தில் ஒரு கேள்வி வைத்தோம். வீட்டில் இருப்போர் எத்தனை பேர்?

அவன் எழுதினான்: ஒருவர். மாமி. பெயர் நாகேஸ்வரி.

"மாமி தனிய இருக்கிறா, அக்கா. மகன் கனடாவில. அவவுக்கு இது ஒரு துணையாய் இருக்கும்."

வீட்டைப் போய்ப் பார்த்த பிறகுதான் கொடுப்போம். நான் போகவில்லை. அந்தக் கிழமை குட்டிகளுக்குப் பார்வோ நோய். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று புதைத்துக்கொண்டிருந்தேன். அவன் போனில் படம் காட்டினான். பெரிய வீடு, விறாந்தை, கிணறு. சரி என்றேன். அது என் பிழை. இதை நானே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை பாணி போனாள். ஆறு நாள் கழித்து, ஞாயிறு பகல், காப்பகத்து மேசைத் தொலைபேசி அடித்தது. அழைப்புகளைக் கொப்பியில் எழுதுகிற பழக்கம் எனக்கு. மணிக்கூட்டைப் பார்த்தேன். 12.07.

"நாய்க்குடிலோ, பிள்ளை?"

வயதான பெண்ணின் குரல். வறண்டிருந்தது.

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

"இஞ்சை ஒரு நாயைக் கட்டி விட்டிருக்கினம். நான் வைக்கிற சோத்தை அது தின்னுதில்லை."

கீரிமலை, நாகேஸ்வரி என்றார். நான் சிரித்துவிட்டேன். புது இடம் அம்மா, பழக நாள் எடுக்கும், ஒரு மீன் தலையைப் போட்டுக் குழைத்து வையுங்கோ என்றேன்.

"வைச்சுப் பாத்திட்டன். என்னைக் கண்டால் பின்னாலை பின்னாலை போகுது..."

தொடர்பு அறுந்தது. உடனே ஜெயதீபனுக்கு எடுத்தேன்.

"உங்கடை மாமி கதைச்சவ. நாய் சாப்பிடுதில்லையாம்."

"எந்த மாமி?"

"நாகேஸ்வரி மாமி."



"ஓ... ஓம். அவவுக்குக் கொஞ்சம் மறதி மாறாட்டம், அக்கா. அவ கதைக்கிறதைப் பெரிசா எடுக்காதேங்கோ. நான் இப்பதான் நாய்க்குச் சோறு வைச்சிட்டு வந்தனான்."

எந்த மாமி என்று ஏன் கேட்டான்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். குட்டி ஒன்று வாந்தி எடுத்தது. ஓடிவிட்டேன்.

திங்கள். 12.07.

"பிள்ளை, தண்ணியும் வைச்சனான். குடிக்குதில்லை."

பின்னால் பாணி குரைப்பது கேட்டது. நடுவில் உடையும் அதே குரல். ஆனால் விட்டு விட்டு... இருமல் மாதிரி.

"அம்மா, ஜெயதீபன் வந்தவரோ?"

"அவன் வரமாட்டான். பூட்டிப்போட்டுப் போனால் அவன் வரமாட்டான்."

அறுந்தது. திரையில் விழுந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து மறுபடி அழுத்தினேன். பாவனையில் இல்லை. ஜெயதீபனின் இரண்டு போனும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். எங்கள் ஓட்டோ கராஜில் நின்றது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன்.

செவ்வாய். தொலைபேசியின் முன்னால்தான் இருந்தேன். 12.07. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"பிள்ளை... இண்டைக்கு அது குலைக்கேல்லை."

"அம்மா, நான் வாறன். இப்ப வாறன்."

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்கு நாலாம் நாள்."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் நாலாம் நாள்தான் குரல் போனது."

 என்ன சொன்னீர்கள் என்று கேட்பதற்குள் அறுந்துவிட்டது.

எங்கள் ஓட்டோவை ஓட்டுகிறவர் சுபாஸ்கரன் அண்ணை. ஐம்பது வயது, ஒன்றுக்கும் பதறாத மனிதர். அன்று காலையில்தான் ஓட்டோவைத் திருத்தி எடுத்து வந்திருந்தார். வழி முழுக்க ஜெயதீபனைத் திட்டிக்கொண்டே போனேன். எழுத முடியாத சொல் எல்லாம் வந்தது. அண்ணை வேகத்தைக் கூட்டினார்.

கீரிமலையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது மணி 12.46. வெயில் கண்ணைக் குத்தியது. இரண்டு பக்கமும் வளவுகள். எல்லாக் கேற்றிலும் பூட்டு. ஒரு காகம்கூட இல்லை.

படத்தில் பார்த்த வீடு அதுதான். கேற்றில் சங்கிலி. "அம்மா!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "பாணி!" என்றேன்.

அதற்கும் பதில் இல்லை.

அண்ணை முதலில் மதில் ஏறினார். பிறகு என்னைத் தூக்கி விட்டார். வீட்டு முன்கதவில் வெளியே ஆமைப்பூட்டு. பூட்டின் மேல் சிலந்தி வலை. அது நேற்று இன்று கட்டிய வலை இல்லை.

பின் விறாந்தைக்கு ஓடினோம்.

பாணி தூணோடு கட்டப்பட்டுக் கிடந்தாள். சங்கிலி மூன்று அடி இருக்கும். வாய் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

அவளுக்கு முன்னால் நாலு எனாமல் தட்டுகள். ஒரே வரிசையில்.

நாலிலும் உருண்டைகள். சோறு குழைத்து உருட்டுவோமே, அந்த அளவு.

ஒன்றைத் தொட்டேன்.

புழுதி.

வெறும் புழுதி. அதை உருட்டி, விரலால் அமத்தி வைத்திருந்தது. ஐந்து விரல் அடையாளமும் இருந்தது. சின்ன விரல்கள்.

"கலா... முதல் நாயை அவிழும்." அண்ணை தட்டுகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கழுத்துப் பட்டி இறுகியிருந்தது. என் கை வழுக்கியது.

உள்ளே... சமையல் குசினிக்குள்... ஒரு சத்தம்.

சர்ர்ர்...

தட்டை நிலத்தில் இழுக்கிற சத்தம்.

நின்றது.

மறுபடி... சர்ர்ர்...

யன்னலுக்குக் கிட்ட வந்தது. யன்னல் அரைவாசி திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

பட்டி கழன்றது. பாணியைத் தூக்கினேன். பாரமே இல்லை.

"இப்ப தின்னுமோ, பிள்ளை?"

அதே குரல். தொலைபேசியில் அல்ல. என் காதுக்கு ஒரு முழத்தில்.

"தின்னும் அம்மா. நான்... நான் கொண்டு போறன்."

பாணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு...

"அப்ப என்னை?"

ஓடினேன்.

வேறென்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஓடினேன். மதிலை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. ஓட்டோவில் ஏறியபோது மணி 12.58. அண்ணையிடம், கேட்டதா என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கேட்டது. கதையாதை" என்றார்.

ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கடை. பாணிக்குத் தண்ணீர் வாங்க நிறுத்தினோம். கடைக்காரி நல்லம்மா. பாணியின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டபடி, அந்த வீட்டு அம்மா எங்கே என்று கேட்டேன்.

"நாகேஸ்வரியக்காவோ? அவ சித்திரையிலயே செத்துப்போனா."

எப்படி என்றேன். நல்லம்மா போத்தல்களை அடுக்கத் தொடங்கினார்.

"வயசு போச்சுத்தானே."

"எப்பிடி எண்டு கேக்கிறன்."

"உவன் ஜெயதீபன்தான் பாத்தவன். மாறாட்டத்தில வெளிய போயிடுவா எண்டு பூட்டி வைக்கிறவன். சித்திரையில எங்கையோ போயிட்டான்... வந்து திறக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது."

"நீங்கள் ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லையோ?"

"அடுத்த வீட்டு விசயத்தில நாங்கள் தலையிடுறேல்லை, தங்கச்சி."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். பொய். அந்த ஒழுங்கையில் ஊர் வாய் நாலு மாதமாக இறுக்கி மூடியிருந்தது. நான் கத்தினேன். ஒரு மனுசியைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறான், நீங்கள் இங்கே சோடா விற்கிறீர்கள் என்று கத்தினேன். நல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணை என்னை இழுத்து ஓட்டோவில் ஏற்றினார்.

பாணி பிழைத்தாள். நாலு நாள் சேலைன் ஏற்றினோம். குரல் மட்டும் திரும்பவில்லை.

சனிக்கிழமை ஜெயதீபன் வந்தான். இவ்வளவு நாளும் கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் நின்றானாம்.

"ஆரைக் கேட்டு என்ரை நாயைத் தூக்கினனீங்கள்?"

"வீட்டில ஒருத்தர் இருக்கிறா எண்டு எழுதினனீர். அவ கூப்பிட்டுத் தந்தவ."

அடித்துவிடுவேன் போல இருந்தது. மாமி செத்துவிட்டா என்று சொல்வான், பொய் எழுதியதை ஒப்புக்கொள்வான் என்று காத்திருந்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. முகம் வெளுத்து, கேற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அவ என்னைப் பற்றி என்ன சொன்னவ?"

நான் கேற்றைச் சாத்தினேன். அவன் நாயைக் கேட்காமலே போனான்.

பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். அழைப்புகள் வந்த திகதியையும் இலக்கத்தையும் எழுதித் தரச் சொன்னார்கள். அன்று பின்னேரம் கொப்பியை எடுத்தேன். ஆவணியின் மூன்று அழைப்பையும் எழுதினேன். அதே இலக்கத்திலிருந்து முன்பும் அழைப்பு வந்ததா என்று சும்மா பின்னுக்குப் புரட்டினேன். ஆடி, ஆனி, வைகாசி... இல்லை.

சித்திரையில் இருந்தது.

தொடர்ந்து நாலு நாள். நாலும் 12.07.

முதல் வரி: "கீரிமலை. வயதான அம்மா. பூட்டிய வீடு, சாப்பாடு இல்லை என்கிறா. நாங்கள் ஊருக்குக் கொடுத்த கலண்டரில் இலக்கம் பார்த்தவ. நாய் இல்லை. எங்கள் வேலை அல்ல."

இரண்டாம் வரி: "அதே அம்மா. தண்ணீர் கேட்கிறா. இது நாய்களுக்கான இடம் என்று சொன்னேன்."

மூன்றாம் வரி: "அதே அம்மா. வேலை நேரத்தில் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்."

நாலாம் வரி: "அதே இலக்கம். குரல் இல்லை. வைத்துவிட்டேன்."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் இன்றுவரை நினைவில்லை. ஆனால் நாலு வரியும் என் கையெழுத்து.