அழியாமல் நின்ற நீலக் கீற்றுகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும், முன்னால் நடந்தது பின்னால் வந்து நிற்கும். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள். கமாவை எங்கே வைப்பது என்று எனக்குத் தமிழிலேயே சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு வருஷம் இங்கிலீஷ் கமா எங்கள் வீட்டுக்குள் புகுந்து செய்த வேலை மட்டும் மறக்கவில்லை.

அறுபதுகளில் நடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பா கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியில் நான் பிசிறு வெட்டினேன். தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலை. தங்கை மட்டும் படித்தாள். அவளுக்கு அது எஸ்.எஸ்.எல்.சி. வருஷம். தேறினால் டீச்சர் டிரெய்னிங். தவறினால் என் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். அம்மா அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லுவாள்.

"பாசானா டீச்சரு. இல்லீன்னா அக்காகூட பிசிறு. ரெண்டுல ஒண்ணு, நீயே பாத்துக்க."

மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் இடறியது. எழுத்துப் பிழை இல்லை, கமாதான் இல்லை. இங்கிலீஷ் வாத்தியார் வகுப்பிலேயே கேட்டுவிட்டாராம்: "ஏம்மா, உன்ற வாக்கியம் பொள்ளாச்சி பஸ்ஸாட்டம் எங்கயும் நிக்காதா?" எல்லோரும் சிரித்தார்களாம். வந்து அழுதாள். அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி கமாவையே படித்தாள்.

என்னை எதிரில் உட்கார வைத்துச் சொல்லுவாள். நாலு பொருளை வரிசையாகச் சொன்னால் நடுவில் கமா. 'வென்' என்று ஆரம்பித்தால், அந்தப் பேச்சு முடிகிற இடத்தில் கமா. 'பட்' வந்து இன்னொரு முழுப் பேச்சைத் தொடங்கினால் அதற்கு முன்னால் கமா. இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவால் மட்டும் ஒட்டக் கூடாது, 'அண்ட்' மாதிரி ஏதாவது வேண்டும்.

"புரியுதாக்கா? ரெண்டு துணிய நூலில்லாம ஊசிய மட்டும் குத்தித் தெக்கற மாதிரி. நிக்காது."

"எனக்குப் புரிஞ்சு என்ன பண்றது கண்ணு. பரீட்ச நீதான எழுதோணும்."

காகிதத்துக்குத் தட்டுப்பாடு. வீட்டில் இருந்த ஒரே அகலமான இடம் அப்பாவின் அளவட்டைதான். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புது மாதிரி பனியன் போடும்போது முதலாளி தடித்த அட்டையில் அளவு வரைந்து கொடுப்பார். கைத்துணி சேருகிற இடம், கழுத்து திரும்புகிற இடம் தெரிய, ஓரத்தில் துணிக்குக் குறி போடுகிற நீலக் குச்சியால் சின்னதாக, வளைவாக ஒரு கீற்று வைப்பார். அப்பா ஞாயிற்றுக்கிழமை அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, உருவத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவார். திங்கட்கிழமை அடுக்கிய துணிமேல் அட்டையை வைத்து வெட்டுவார்கள். நீலக் கீற்று எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன வெட்டு. அது முதலாளியின் குறி, ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

அந்த ஞாயிறு அப்பா வேலையை முடித்துச் சந்தைக்குப் போயிருந்தார். தங்கை அட்டையைத் தரையில் போட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சாக்கட்டியால் வாக்கியங்களை எழுதினாள். கமா இல்லாமல் எழுதிவிட்டுப் பிறகு யோசித்து யோசித்து வைத்துக்கொண்டு போனாள். கமா தனியாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு மட்டும் அப்பாவின் நீலக் குச்சி. வரி ஓரம் வரைக்கும் ஓடும், பல கமா ஓரத்திலேயே விழுந்தது.

"வென் இட் ரெயின்ஸ், வீ ஸ்டே அட் ஹோம்," என்று படித்துக் காட்டினாள். முகம் தெளிந்திருந்தது. "எல்லாம் செரியா வந்துருச்சுக்கா!" பாவாடை நுனியால் அட்டையைத் துடைத்து, இருந்த இடத்தில் சாத்தினாள்.

பள்ளிக்கூடச் சாக்கட்டி துடைத்தால் போய்விடும். கட்டிங் வேலைக்கான நீலக் குச்சியில் மெழுகு இருக்கும், போகாது. வாக்கியம் அழிந்துவிட்டது, கமா நின்றுவிட்டது. அந்த வீட்டு இருட்டில் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாள் மத்தியானம் கட்டிங் மேசைப் பக்கம் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். முதலாளி வெட்டிய துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். ஓரமெல்லாம் வெட்டு. பனியன் துணியில் வெட்டு விழுந்தால் அங்கேயே நிற்காது, இழை விட்டு ஓடும். அடுக்கு முழுவதும் அப்படித்தான்.

"ஏனுங்க மாஸ்டர், என்னங்க இது? எலி கடிச்சாப்பல?"

"குறி இருந்துச்சுங்களே," என்றார் அப்பா. "நீங்க வெச்சதுன்னு..."

"நானா? நான் எங்கீங்க இத்தன வெச்சேன்? கொண்டாங்க அட்டைய. யாரு போட்ட குறி இது?"

அப்பா அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். நான் இருந்த இடத்திலிருந்து அவர் முகம்தான் தெரிந்தது, அட்டை தெரியவில்லை. ஆனால் அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியும். சாக்கட்டி எழுத்தின் சாடை லேசாக இருந்திருக்கும். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது, ஆனால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுதுகிறவள் ஒருத்திதான். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைப்பார் என்று நினைத்தேன். அட்டையைத் துடைத்தார், அழுத்தி, இரண்டு பக்கமும்.

"நான் போட்டதுதானுங்க," என்றார். "பார்வை மங்கிப்போச்சுங்க. கை எங்கியோ போயிருக்குது."

முதலாளி கெட்டவர் இல்லை. திட்டவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, "பார்வை போனவங்க கையில கத்தி குடுக்க முடியாதுங்க மாஸ்டர். நாளையிலிருந்து பெட்டி போடற பக்கம் வந்துருங்க," என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

அது கமா செய்த வேலை என்று வீட்டில் தெரிந்துபோயிற்று. அம்மா கத்தினாள். "படிச்சுக் கிழிச்சது போதும். கம்பெனித் துணியத்தான் கிழிச்சுப்போட்டா. நாளைக்கே அக்காகூடப் போகட்டும்."

தங்கை மூலையில் நின்றாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"பரீட்ச எழுதட்டும்," என்றார்.

"ஏனுங்க, எதுக்கு இன்னும்..."

"எழுதட்டும்ங்கறேன். சோத்தப் போடு."

அதற்குப் பிறகு அவர் அவளைத் திட்டவும் இல்லை, அவளோடு பேசவும் இல்லை. பேசியிருந்தால் தேவலை. பனியன் அடுக்குகிற அட்டைப்பெட்டியை மடித்து மடித்து அவர் விரல் ஓரமெல்லாம் அட்டை கிழித்திருக்கும். சாப்பிடும்போது காரம் பட்டு எரியும், கையை உதறுவார். தங்கை அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.

இங்கிலீஷ் பரீட்சை முடிந்து வந்தவள் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"எப்படி கண்ணு?"

"எல்லாம் எழுதிட்டேன்க்கா. கமாதான் ஒண்ணுகூட வெக்கல."

"ஏன், மறந்துருச்சா?"

"மறக்கல. எங்கெங்க வருமுன்னு நல்லாத் தெரிஞ்சுது. கை போகல."

ரிசல்ட் பேப்பரில் அவள் நம்பர் இருந்தது. தட்டுத் தடுமாறித்தான், ஆனால் இருந்தது. கம்பெனிக்கு ஓடினோம். அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சந்தோசம் கண்ணு," என்றார். அத்தனை மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு அடுத்த அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் கட்டிங் மேசைக்கு அவர் திரும்பவில்லை. அவர் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சாகிற வரைக்கும் ஊசியில் நூல் கோர்த்தார்.

தங்கை டீச்சராகி, மங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையரும் ஆகிவிட்டாள். ரிசல்ட் வந்த பிறகு இந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுத்ததே இல்லை. கம்பெனியில் அப்பா துண்டால் துடைத்ததை நான் அவளிடம் சொன்னேனா, அவராகச் சொன்னாரா, இல்லை அவளுக்கு இன்றுவரை தெரியாதா, எனக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மங்கலம் பக்கம் போக வாய்த்தால், அவளைப் பார்த்து, நான் எழுதியது சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குச்சி நீலம்தானா, நான் சொன்ன இங்கிலீஷ் வாக்கியம் அதுதானா என்றும் கேளுங்கள். கமா அந்த இடத்தில்தான் வருமா என்பதையும் அவளே பார்த்துச் சொல்லட்டும்.