வெர்னனின் கை

இளங்கலை, முதுகலை இரண்டையும் மூன்றே வருஷத்தில் முடிக்கும் நர்சிங் படிப்பு எங்களுடையது. இதைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் தொலைந்தான்! அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் முடிவெட்டிக்கொண்டிருந்த டோரீன், நாற்பத்தேழு வயதில் எங்களோடு சேர்ந்தாள். ஊசி போட்டுப் பழக அவளுக்கு வீட்டில் கிடைத்தது லாரி ஓட்டும் புருஷன் வெர்னனின் கைதான்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், மூஞ்சிய அப்படி வச்சுக்காத" என்று சொல்லிச் சொல்லியே குத்துவாள். பாவம், ஊசித் தழும்பை மறைக்க அந்த லாரி டிரைவர் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான்.

படிப்பு முடிந்ததும், புது நர்சின் சட்டையில் வாத்தியார் பேட்ஜ் குத்திவிடும் விழா. டோரீன் வாத்தியார்களை விட்டுவிட்டு வெர்னனை மேடைக்குக் கூப்பிட்டாள். அவன் குத்திய வேகத்தில் பேட்ஜின் ஊசி அவள் தோளிலேயே இறங்கிவிட்டது.

"ஆ!"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி. மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

அரங்கமே சிரித்தது. டோரீன் அவன் சட்டைக்கையைச் சுருட்டி, அந்தக் கையை உயர்த்திப் பிடித்தாள்.

"ரெண்டு பட்டத்துல ஒண்ணு இதுக்கு!"